வாளையா, பாறையா?

உன் நோட்டைப் பிரித்ததும் எனக்குத் தும்மல்தான் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக ஏழெட்டு. செத்த பிறகும் என்னை அழவிடாமல் தும்ம வைக்கிறாயே என்று எரிச்சலாக இருந்தது. கமுதியில் பத்தொன்பது வருஷம் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே கிடந்த நோட்டு வேறு எப்படி இருக்கும்? அட்டை மடிப்பிலும் தையல் நூலிலும் மிளகாய்த் தூசி அப்பிக் கிடந்தது. நோட்டைக் கொண்டுவந்த உன் மகன் பதறிப்போய், தண்ணீர் எடுத்து வரட்டுமா என்று என் வீட்டில் என்னையே கேட்டான். அந்தக் கேள்வியில் உன் சாயல் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் வாசலில் வந்து நின்றபோது யாரென்று தெரியவில்லை. நான் பார்த்தே இராத பிள்ளை. மொட்டைத் தலையையும் மழித்த மேலுதட்டையும் பார்த்து, யாரோ தகப்பனைப் பறிகொடுத்த பையன், ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை கேட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். கூட்ஸ் ஷெட் மாமா நீங்கள்தானே என்று கேட்டுவிட்டு உன் பெயரைச் சொன்னான். மஞ்சள்காமாலை, இருபத்தொரு நாள் ஆகிறது என்றான். நீ போன செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது.

நீ உயிரோடு இருந்தபோது எழுதிய மூன்று கடிதங்களையும் நான் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். தபால்காரன் முனியசாமி, நம் முனியசாமிதான், மூன்று தடவையும் தலையில் அடித்துக்கொண்டு எடுத்துப் போனான். இந்தக் கடிதத்தை நீ பிரிக்கப் போவதில்லை. ஆக சரிக்குச் சரி.

இந்த விளையாட்டு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கூட முடியவில்லை. தை பிறந்து மழை ஓய்ந்ததும் நம் கடற்கரை ஊர்களில் பந்தாட்டம் தொடங்கிவிடும். கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், நம் ராமநாதபுரத்தில் இரண்டு என்று எட்டு டீம். வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு டீமும் மற்ற ஏழோடும் ஆடி முடிக்க வேண்டும். அதிகம் ஜெயித்த ஊருக்கு ஷீல்டு. நாம் நாலு பேரும் அந்த ஆட்டத்தில் எதற்கும் உதவாதவர்கள். நான் கூட்ஸ் ஷெட் கிளார்க்கு, நீ வத்தல் மண்டியில் எழுத்து வேலை, முனியசாமி தபால்காரன், காசிம் டீக்கடை வைத்திருந்தான். நான் பத்தடி ஓடினால் மூச்சு வாங்கும். நீ உதைத்தால் பந்து கிடந்த இடத்தில் கிடக்கும், செருப்புதான் பறக்கும். கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்துக்காக உன்னை நம் டீமுக்குச் செக்ரட்டரி ஆக்கினார்கள். எந்த ஆட்டத்தில் யார் இறங்குவது என்று பதினொரு பெயர் எழுதுகிற அதிகாரம் உன் கைக்கு வந்தது. அதை நாம் அப்போது பெரிய அதிகாரமாக நினைக்கவில்லை.

தை மாதத்தில் யாரும் எதிர்பாராமல் ஒரு மழை பெய்து ஆட்டம் நின்றுபோன மத்தியானம் அது. கீழக்கரை கோல்கீப்பர் உசத்தியா, பாம்பன் கோல்கீப்பர் உசத்தியா என்று காசிமும் முனியசாமியும் கடைக்குள் கட்டிப் புரளாத குறை. கேட்டுக்கொண்டே இருந்த நீ, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாய்.

"ஏலே, எதுக்கு இந்தச் சண்ட? எட்டு டீமு ஆளுகளையும் கலச்சுப் போட்டு ஆளுக்கொரு டீமு நாமளே கட்டுவோம். அவய்ங்க ஆடட்டும், நாம செயிப்போம்."

எனக்கு அது அபாரமான யோசனையாகப் பட்டது. ஆளைப் பிரிப்பது எப்படி என்று காசிம் கேட்டான். சின்ன வயதில் சடுகுடுவுக்கு உத்தி பிரிப்பதைப் போலத்தான் என்றாய். சம பலமுள்ள இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போய், ஆளுக்கொரு பெயர் ரகசியமாக வைத்துக்கொண்டு வந்து, தலைவனிடம் இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்பார்கள். எந்தப் பெயருக்குள் எவன் இருக்கிறான் என்று தலைவனுக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொன்ன பிறகு வந்தவன்தான் அவனுக்கு. நம் விஷயத்தில் ஆட்டக்காரர்கள் எவனும் கடையில் இல்லை, அதனால் உனக்கும் எனக்கும் காசிம் பெயர் வைத்தான், அவர்கள் இரண்டு பேருக்கும் நாம் வைத்தோம். எல்லாம் மீன் பெயர்கள். சீலாவா ஊளியா, நெத்திலியா சாளையா என்று ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் கடை மீன் சந்தையாகக் கிடந்தது.

கோலுக்கு இரண்டு பாயிண்டு, கோலுக்குப் பந்து கொடுத்தவனுக்கு ஒன்று, கோல் வாங்காத கீப்பருக்கு மூன்று. எடுத்த ஆளை மாற்றக் கூடாது. காசு வைத்து ஆடவே கூடாது என்று காசிம் கறாராகச் சொன்னான், அது அவன் மார்க்கத்துக்கும் ஆகாது, கடைக்கும் ஆகாது. அப்படியானால் கடைசியில் வருகிறவன் மீசையை எடுக்க வேண்டும் என்றாய் நீ. காசிமுக்கு மீசை கிடையாது, தாடி மட்டும்தான். அவன் தோற்றால் ஒரு மாதம் நமக்கு டீ ஓசி என்று முடிவானது. நம் பக்கத்தில் தகப்பன் செத்தால்தான் ஒருவன் மீசையை எடுப்பான். உன் அய்யா அப்போது கல்லுக்குண்டாக இருந்தார். அவர் இருக்கும்போது மழித்த உதட்டோடு வீட்டுப் படி ஏற முடியுமா என்று நான் கேட்டதற்கு, தோற்றால்தானே என்று நீ சிரித்தாய்.

கடைசி ஜோடி, நம் டீமில் ஆடிய என் தம்பி சேதுவும் தங்கச்சிமடத்து சூசையும். இரண்டு பேரும் முன்வரிசை, இரண்டு பேரும் சமம் என்று நீயே சொன்னாய். எனக்குச் சேதுதான் வேண்டும். அப்பா போனபோது அவனுக்கு ஏழு வயது, நான்தான் சோறு போட்டு வளர்த்தேன். அவன் என் டீமில் இல்லாமல் வேறு எவன் டீமில் இருப்பது? காசிம் நமக்கு முதுகு காட்டி நின்று யோசித்துவிட்டுத் திரும்பினான்.

"வாளையா, பாறையா?"

என் முறை. வாளை என்றேன். வாளை சூசை. பாறை மீன் பெயருக்குள் என் தம்பி இருந்தான், உனக்குப் போய்விட்டான். நீ என் தொடையில் தட்டி, இனிமேல் சேதுவைத் திட்டுவதென்றால் என்னிடம் கேட்டுக்கொண்டு திட்டு என்றாய். எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

அந்த இரண்டு மாதமும் நாம் நன்றாக இருந்தோம் என்பதை மறைக்க மாட்டேன். வெளியூர் ஆட்டங்களின் விவரம் கேட்பதற்காக நான் பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் ரயில்வே போனில் பேசி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் வாங்காத பேச்சில்லை. முனியசாமி ராமேஸ்வரம் ரயிலின் கார்டுமாரைப் பிடித்து வைத்து விசாரிப்பான். நீ காலையில் மண்டிக்குப் போகிற வழியில் முந்தின நாள் பாயிண்டை உன் நோட்டிலிருந்து ஒரு தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுவாய். கொஞ்ச நாளில் ஆட்டக்காரர்களே வந்து பார்க்கத் தொடங்கினார்கள். தன்னை எவனும் எடுக்கவில்லை என்று மண்டபத்துக்காரன் ஒருவன் சண்டைக்கு வந்தான். தேவிபட்டினத்தில் ஒருவன், தன் பாயிண்டு ஏற வேண்டும் என்று பக்கத்தில் சும்மா நின்றவனுக்குப் பந்தைக் கொடுக்காமல் தானே உதைத்து வீணாக்கினான். அன்று டீ குடித்துக்கொண்டே அதைச் சொல்லிச் சிரித்தோம். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிற புத்தி நாலு பேரில் ஒருவனுக்கும் இல்லை.

மாசி முடிகிற நேரம். முனியசாமி முதலில், காசிம் அடுத்து, மூன்றாவது நான். என்னைவிட மூன்று பாயிண்டு குறைந்து நீ கடைசியில் இருந்தாய். மிச்சம் ஒரே ஆட்டம், நம் டீமும் கீழக்கரையும். ஷீல்டு அதற்கு முந்தின வாரமே கீழக்கரைக்குப் போய்விட்டது. அந்த ஆட்டத்தில் நாம் ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். ஊரில் ஒருவருக்கும் அது தேவைப்படாத ஆட்டம். தேவைப்பட்டது உன் நோட்டுக்கு மட்டும். பங்குனியில் உனக்குக் கமுதியில் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. மணவறையில் மீசை இல்லாமல் உட்கார்ந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள், உன் அய்யா என்ன செய்வார் என்று புலம்ப ஆரம்பித்தாய். உன் ஆட்களில் கோல் போடக்கூடியவன் சேது ஒருவன்தான். சேதுவோ தேவிபட்டினத்தில் முட்டியைத் திருகிக்கொண்டு, உளுந்துமாவும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டிய காலோடு கட்டிலில் கிடந்தான். ஒரு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சித்திரையில் அவன் மதுரைக்குப் போக வேண்டும். பந்து ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுக்கிற ஒரு மில்லிலிருந்து வந்து ஆடிக் காட்டச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அவன் தலையணைக்குக் கீழேயே வைத்திருந்தான். உனக்கு அதுவும் தெரியும், நான்தான் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நீ வந்தாய். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலில் இருந்த கட்டை லேசாக அமுக்கிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்க்காமல் அவனிடம் சொன்னாய்.

"அர ஆட்டம் போதும் தம்பி. ஓட வேணாம். நின்ன எடத்துல நின்னு வாரதத் தட்டி விடு."

சேது என்னைப் பார்த்தான். நான் கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்தேன்.

நான் ஏன் பேசவில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். சேது ஆடாவிட்டால் நீ கடைசி. ஆடி இரண்டு கோல் போட்டால் நான் கடைசி. நான் வேண்டாம் என்று சொன்னால், மீசைக்குப் பயந்து தம்பியைத் தடுத்துவிட்டான் என்று நீ சொல்லுவாய், காசிம் கடையில் எல்லாரும் சொல்லுவார்கள். விளையாட்டில் நான் நேர்மையானவன் என்று ஒரு பெயர் இருந்தது. ஒரு தடவை சூசைக்குத் தவறாக ஏறிய பாயிண்டை நானே சொல்லிக் குறைத்திருக்கிறேன். அந்தப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது பெரிய மனுஷத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

ஊருக்கு மேற்கே பொட்டலில் ஆட்டம். கட்டின் மேல் இன்னொரு துணியைச் சுற்றிக்கொண்டு சேது கோலுக்குப் பக்கத்தில் நின்றான், தட்டி விட்டான், முதல் பாதியில் ஒன்று போட்டுவிட்டான். பாதி முடிந்ததும் அவனை வெளியே கூப்பிடுவாய் என்று பார்த்தேன். என்னைத் தாண்ட உனக்கு இன்னும் ஒரு பாயிண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் என்று அவன் முதுகில் தட்டி அனுப்பினாய். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் இரண்டாவதும் விழுந்தது. பந்து உள்ளே போன அதே நொடியில் சேதுவும் விழுந்தான். கீழக்கரைக்காரன் ஒருவன் அவன் மேல் சாய்ந்ததில் முட்டி பக்கவாட்டில் மடங்கியது. எல்லாரும் ஓடினார்கள். நீ எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய்.

அதை நான் மன்னிக்கவே இல்லை, இன்றைக்கும்தான். ஆனால் நீ எழுதியதை நான் எப்படிப் பார்த்தேன்? சேதுவைப் பார்க்காமல் உன்னைப் பார்த்ததால்தானே. பந்து உள்ளே போனதும் எனக்கு முதலில் தோன்றியது, போச்சு, நான் கடைசி என்பதுதான். அதற்கப்புறம்தான் அவன் அலறல் காதில் ஏறியது.

மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு இனி ஓட்டம் கிடையாது என்றார். மில் கடிதத்தைச் சேது என்ன செய்தான் என்று தெரியாது, நான் கேட்டதில்லை. நீ மூன்று நாள் வீட்டுக்கு வந்தாய். மூன்று நாளும் வாசலிலேயே மறித்து அனுப்பினேன். மறுபடி உன்னைத் தேடி நானே வந்தது ஒரே தடவை, உன் கல்யாணத்துக்கு. அதற்கு முதல் நாள் மீசையை மழித்துக்கொண்டேன். கமுதி பஸ்ஸைப் பிடித்து, மேளம் கொட்டுகிற நேரமாகப் பார்த்துப் பந்தலில் வந்து உட்கார்ந்தேன். பெண்ணுக்குத் தாய்மாமன் போலிருக்கிறது, ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரக்கமாகப் பக்கத்தில் வந்தார்.

"யாரு தம்பி தவறுனது? அப்பாவா?"

"யாரும் தவறல. பந்தயத்துல தோத்துட்டேன். வெவரம் மாப்பிள்ளையக் கேளுங்க."

அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக இருந்த நீ என்னைப் பார்த்தாய். உன் கை மெல்ல மேலேறி மீசையைத் தொட்டது. நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். ஒரு நல்ல காரியத்தில் அபசகுனம் மாதிரி போய் உட்கார்ந்ததற்கு அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை. நிறைவாக இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

நீ மாமனார் மண்டியோடு கமுதியில் தங்கிவிட்டாய். காசிம் கடைச் சுவரில் ஒட்டிய தாள் தானாகக் கிழிந்து போயிற்று. எனக்கு மீசை மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டது. சேது இப்போது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். உட்கார்ந்த வேலை. கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள். அவன் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து. வலது முட்டி மடங்காது, சைக்கிள் மிதிக்க முடியாது. நான்தான் தினமும் காலையில் அவனைக் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விடுகிறேன்.

உன் மகன் தண்ணீர் குடித்துவிட்டு, நான் அவன் உதட்டையே பார்ப்பதைக் கவனித்து, தடவிக்கொண்டான். முளைத்தும் முளைக்காமலும் இருந்ததை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றான். அய்யாவுக்கு மீசை எடுப்பாக இருக்குமே என்று ஏதோ சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

"அய்யா மீச வச்சு நான் பாத்ததே இல்ல மாமா. கல்யாணப் போட்டாவுல மட்டும்தேன் இருக்கு. அப்பொறம் வைக்கவே இல்லையாம். அதுக்காகத் தாத்தா ரெண்டு வருசம் பேசாம இருந்தாகளாம்."

இதைக் கேட்டு நான் இளகிப்போவேன் என்று நினைத்திருந்தால் நீ ஏமாந்தாய். கோபம்தான் வந்தது. மீசையை மழித்துக்கொண்டால் முட்டி மடங்குமா? பத்தொன்பது வருஷம் மழித்த மீசையை மூட்டை கட்டி வந்தாலும் மதுரை மில்லில் அவனுக்கு வேலை கொடுப்பார்களா? அதை உன் மகனிடம் கேட்க முடியுமா? சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். சேதுவின் இரண்டு கோலையும் நீ கோடு போட்டு அடித்திருக்கிறாய். நாலு பாயிண்டு கழித்து, மொத்தத்தைத் திருத்தி, என் பெயரை மூன்றாவதாகவும் உன் பெயரைக் கடைசியாகவும் எழுதியிருக்கிறாய். கீழே, இவனை இறக்கியிருக்கக் கூடாது, தப்பு என்னுடையது என்று ஒரு வரி. அதன் கீழே செக்ரட்டரி என்று கையெழுத்து. கையெழுத்து அதே அழகு. சரி, ஒத்துக்கொண்டான், இதை உயிரோடு இருக்கும்போதே என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தேன். அந்த மூன்று கடிதங்களில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சாயந்தரம் சேது வந்து நோட்டைப் புரட்டினான். நீ இல்லை என்பதைச் சொன்னேன். கடைசிப் பக்கத்து வரியை விரலால் தடவிப் படித்தான். பிறகு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னான்.

"பாவம்ணே அவரு. அவரு கூப்புட்டதுக்காக நான் ஆடல. அவரு கேட்டப்ப ஒன்னயத்தேன் பாத்தேன். நீ வேணாம்னு சொல்லுவன்னு இருந்தேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, அண்ணனுக்குச் சம்மதம்னு நெனச்சுக்கிட்டேன்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. சொல்லிவிட்டு, சாப்பாடு ஆயிருச்சா என்று கேட்டான்.

உன்மேல் இருந்த கோபத்தை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். உன்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்த பாரம் அது. நீ அதை அடித்துத் திருத்திக் கையெழுத்தும் போட்டு என் வீட்டுக்கே அனுப்பிவிட்டாய். உன் நோட்டில் நீதான் கடைசி. அது சரியில்லை என்று எனக்குத் தெரியும், சேதுவுக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஏன் வாயை மூடி நின்றேன் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. ஒரு மீசையையும் ஒரு நல்ல பெயரையும் நினைத்து நின்றேன் என்று தெரியாது.

இன்று காலையும் அவனைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். மடங்காத காலை எப்போதும் போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி வந்தான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். கூட்ஸ் ஷெட் தாண்டினேன், காசிம் கடை இருந்த இடத்தைத் தாண்டினேன். பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. அவன் இறங்கி, வாரேண்ணே என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் ஒன்றும் சொல்லவில்லை.